எஸ்டீம்

எங்களுக்கு அது முதலில் ஒரு கார்.
வெள்ளை நிறம். முதலாளி வாங்கிய வருடம்
செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் திரும்ப முடியாமல்
ஒரு மூட்டை வண்டியையும் ஒரு எருமையையும்
பின்னால் நகர வைத்தது.
காரை விற்றாயிற்று. சொல் மட்டும்
இந்தூருக்குப் போகும் கடிதங்களில் ஓடுகிறது:
தங்களை உயர்ந்த எஸ்டீமில் வைத்திருக்கிறோம்.

இரண்டு முறை செக் திரும்பி வந்த ஆளுக்கும்
இதே வரிதான். தட்டச்சு நான்.

கரண்ட் போன ஒரு மதியம் அகராதியைப் புரட்டினேன்.
மதிப்பு என்று போட்டிருந்தது.
அதுவும் எஸ்டிமேட்டும்
ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம்.
சிரிப்பு வந்தது. நம்முடையது மட்டும் என்ன?
ஜவ்வரிசி லாட்டுக்கு மதிப்புப் போடுகிறோம்,
சம்பந்திக்கு மதிப்புக் கொடுக்கிறோம்,
தராசு ஒன்றுதான்.

ஆத்தூர் ரோட்டு ஆலைக் களத்தில்
இருசாயி ஜவ்வரிசி காயப்போடுகிறாள்.
கண் கூசும் சிமெண்ட் தரை.
காலாலேயே கோடு கிழித்துக் கிளறிவிடுவாள்.
ஒரு மணி எடுத்துக் கடைவாயில் கடித்து
"இன்னும் ஒரு வெயில்" என்பாள்.
ஈரம் பார்க்கிற மீட்டர் உறையிலேயே கிடக்கிறது.
இந்தூர்க்காரர் கேட்டால்
அவள் பல் சொன்னதை
மீட்டர் சொன்னதாக எழுதுவேன்.

என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு.
பன்னிரண்டு வருடமாக
"இருசாயி, இங்க வா."
பதிவேட்டில் பேர், நாள், கூலி.
அதற்கு மேல் கட்டம் இல்லை.
இதோ, இந்தக் காகிதத்திலும்
இதுவரை அவள் அவள் என்றே வந்திருக்கிறது,
கை தானாக எழுதிவிட்டது.

நேற்றுக் களத்துக்குப் போனபோது
எப்படியோ வாயில் வந்துவிட்டது:
"வாங்க."

திரும்பிப் பின்னால் பார்த்தார்,
யார் வந்திருக்கிறார்கள் என்று.
யாரும் இல்லை. கேட் பூட்டியிருந்தது.
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு
முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டார்:
"என் கணக்க முடிக்கப் போறீங்களா?"

இல்லை என்றேன். இல்லவே இல்லை என்றேன்.
நம்பியதாகத் தெரியவில்லை.

சேர்வராயன் மேலே கருக்கல் கட்டிக்கொண்டு வந்தது.
தார்ப்பாய்க்கு ஆள் போதவில்லை.
"அந்த முனையப் புடிங்க, நனையப் போவுது" என்றார்.
பிடித்தேன்.