கச்சான்

ஆடியில் எங்கள் ஊரில் எல்லாரும் ஏசுகிற காற்று இது.
உதடு வெடிக்கும். கத்தரிக்கன்று கருகும்.
காயப்போட்ட சீலை வேலி தாண்டிப்
பக்கத்து வளவுக்குள் போய்க் கிடக்கும்.
மேற்கே காடு கடந்து, வயல் கடந்து,
பொத்துவில் தெருப்புழுதி முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்து
கடல் தொடங்குகிற இடத்தில்தான்
அதற்குக் கொஞ்சம் மரியாதை வரும்.

விழப் பார்க்கிற அலையின் நெஞ்சில் கைவைத்துப்
"பொறு" என்கிறது.
அலை பொறுக்கிறது.

அந்தப் பொறுமைக்குள்ளே ஏறி நில்லுங்க, அவ்வளவுதான்
என்கிறான் நவ்பர்.
அவனுக்குப் பத்தொன்பது, எனக்கு முப்பத்தெட்டு.
பலகைக்கு மணித்தியாலம் எண்ணூறு.
"உங்களுக்கு ஐந்நூறு, அக்கா.
வெள்ளைக்காரர் எழும்ப முந்தி வாங்க."

தெற்கே ஒரு கடற்கரைக்குக் கச்சான் தோட்டம் என்று பேர்.
வருகிறவர்கள் வறுத்துத் தின்கிற கச்சானை நினைக்கிறார்கள்.
நான் நினைப்பது காற்றை:
யாரோ அதைப் பாத்தி கட்டி நட்டிருக்கிறார்கள்.

சைப்பிரஸில் நாலு வருஷம் கடலுக்கு முன்னால் இருந்தேன்.
பாஃபோஸுக்கு வடக்கே, குன்றின்மேல் வீடு.
கோடை முழுக்க அந்தக் கடல் குளத்துத் தண்ணீர்.
மாரியில் மேல்காற்று அடிக்கிற மூன்று நாலு நாள் மட்டும்
அலை எழும்பும்.
அன்றைக்கு மேடத்தின் மகன் ஆந்திரேயாஸ்
கறுப்பு ரப்பர் உடுப்புக்குள் புகுந்து ஓடுவான்.
பின்னேரம் அதைப் புரட்டி அலசுவது என் வேலை.
அந்தக் கடலை நான் தொட்டதெல்லாம்
அந்த உடுப்பைப் பிழிந்த தண்ணீரில்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் குனிந்தவனின் மூக்கிலிருந்து
பொலபொலவென்று ஊற்றியது.
தடிமன் என்று நினைத்தேன்.
கொத்தமல்லி அவித்துக் கொண்டுபோய் வைத்தேன்.
மேசை முழுக்கச் சிரித்தது.
ஏனென்று ஒருவரும் சொல்லவில்லை.
அவன் மட்டும் மண்டிவரை குடித்தான்.

வீட்டில் கடற்பக்கத்து யன்னலை
அம்மா அந்த வருஷமே கல்வைத்து அடைத்துவிட்டா.
எந்த வருஷம் என்று இந்தக் கரையில் யாரும் கேட்பதில்லை.
ஆகவே செவ்வாய்க்கிழமைகளில்
"விடியவே வேலை" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

நவ்பரின் தங்கச்சியுடைய நீளக்கைச் சட்டை.
கணுக்காலில் கயிறு.
முதல் மாதம் நான் குடித்த உப்புக்கு
ஒரு உப்பளம் போடலாம்.
பலகை தாடையில் அடித்த அன்றைக்கு
ஹோட்டல் படியில் வழுக்கினேன் என்றேன்.
அம்மா தாடையைப் பார்த்தா, பிறகு
காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தா,
பிறகு சோறு போட்டா.

இன்றைக்குக் கச்சான் நேரே முகத்தில்.
அலையின் மயிரைப் பின்னால் வாரிவிட்டுக்கொண்டிருந்தது.
"இப்ப, அக்கா, இப்ப!"
எழும்பினேன்.
ஒன்று, இரண்டு, வைக்கோல் எரிகிற மணம்,
நாலு, எங்கோ பேக்கரியில் பாண் வேகிற மணம்,
ஆறு.
ஏழு தண்ணீருக்குள்.

பறந்த மாதிரி என்று சொல்வார்கள். இல்லை.
ஓடுகிற பஸ்ஸின் மிதிபலகையில்
கம்பியைப் பிடிக்காமல்,
இறங்கவேண்டிய இடம் போய்விட்டது தெரிந்தும்
மணி அடிக்காமல் நிற்கிற மாதிரி.

எட்டு மணிக்கு நீலச் சட்டை, பெயர்ப்பட்டி.
ஏழாம் அறை.
விரிப்பின் நாலு மூலையையும் இழுத்துச் செருகி,
தலையணையைத் தட்டிவைக்கக் குனிகிறேன்:
மூக்கிலிருந்து கடல்.

ஒரு கரண்டி இருக்கும். வெதுவெதுப்பாக.
வெள்ளை உறையில் இலங்கைப் படம் மாதிரியும் இல்லை,
சைப்பிரஸ் மாதிரியும் இல்லை,
சும்மா ஒரு ஈரம்.

தடிமன் இல்லை, ஆந்திரேயாஸ்.
கொத்தமல்லி வீண்.

உறையை மாற்றத்தான் வேண்டும்.
மாற்றுகிறேன்.
கழற்றியதை மற்ற அழுக்கோடு போடாமல்
கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கிறேன்,
வெளியே காற்று
யாருடைய சீலையையோ வேலி தாண்டிக் கொண்டுபோகிறது.