நூற்றில் பதினொன்று

இரவு மூன்றரை. யோயென்சூ மருத்துவமனை
ஆய்வுக்கூடத்தில்
நானும் ஃப்ரிட்ஜும் மட்டும் விழித்திருக்கிறோம்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
ஏரி உறைந்துகொண்டே
அவ்வப்போது எலும்பு முறிகிற சத்தம் போடுகிறது.

குழாயில் பெயர் இல்லை, எண் மட்டும்.
ஆனால் பிறந்த தேதியை அச்சிட்டிருக்கிறார்கள்.
அந்தத் தேதியில் நான் பதினாறு மணி நேரம் கத்தினேன்,
மறக்குமா?

விதிப்படி ரைலியிடம் கொடுத்திருக்க வேண்டும்.
ரைலி காபி குடிக்கப் போயிருந்தாள்.

ஒரு சொட்டு. கண்ணாடித் தகடு. சாயம். காத்திருத்தல்.
லென்ஸுக்குக் கீழே என் மகள்
வெளிறிய ரோஜா நிறத்தில் விரிகிறாள்.
எண்ணத் தொடங்குகிறேன்; எண்ணுவது என் தொழில்.
நூறு வெள்ளை அணுக்களில் பதினொன்று
ஆரஞ்சு மணிகளை மடி நிறையக் கட்டிக்கொண்டு நிற்கின்றன.
இரண்டோ மூன்றோ இருந்தால் போதும்.
மடியில் கனம். வழியெல்லாம் பயம்.

குடலில் புழுக்கள் குடியிருந்த காலத்துக்காக
வளர்த்த காவல் இது.
புழுக்கள் எப்போதோ வெளியேறிவிட்டன.
காவல்காரர்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.
இங்கிருந்து கிழக்கே எல்லை எழுபது கிலோமீட்டர்,
சும்மா நிற்கும் படை என்ன செய்யும் என்று
எங்கள் ஊருக்குத் தெரியும்.
பூனை முடியைச் சுடும். பிர்ச் மரத்துப் பூந்தூளைச் சுடும்.
வெறும் ஜலதோஷத்தைப் பீரங்கி வைத்துச் சுடும்.
குண்டெல்லாம் விழுவது
நாலு வயது மூச்சுக்குழாயில்.

அவள் பெயர் இல்மா.
எங்கள் மொழியில் காற்று என்று பொருள்.
பெயர் வைத்தபோது யாரும் சிரிக்கவில்லை.

நான்காம் மாடியில் எஸ்கோ
நெபுலைசர் முகமூடியைப் பிடித்தபடி
இது விமானி போடுவது என்று பொய் சொல்லிக்கொண்டிருப்பான்.
விலா இடுக்குகள் ஒவ்வொரு மூச்சுக்கும் குழிந்து மீளும்.
மூடிய கதவின் கீலில் காற்று நுழைகிற விசில்
அவள் நெஞ்சிலிருந்து வரும்.
அதே சளியோடுதான் அண்ணன் ஔலிஸ்
சனிக்கிழமை பனிச்சறுக்கப் போனான்.
மூக்கைக் கையுறையில் துடைத்தான். முடிந்தது.
அதே வயிறு, அதே அப்பா, அதே பூனை.

டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார்:
பதினேழாவது குரோமோசோம், இங்கே ஓரிடம்,
ஓர் எழுத்து மாறியிருக்கலாம்.
மாறியவர்களுக்கெல்லாம் வருவதில்லை.
மாறாதவர்களுக்கும் வரும்.
நூலைப் போல சேலை, சரி.
ஆயிரம் இழையில் எது என்று கேட்டால்
பேனாவை மூடிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது என்றார்
எஸ்கோவின் அம்மா, போனில்.
எங்கள் குடும்பத்திலும் கிடையாது என்றார்
என் அப்பா,
இருமிக்கொண்டே.

அதன்பிறகு ஏன் அப்படிச் செய்தேனோ தெரியாது.
ஊசி கையில் இருந்தது, விரலும் கையில் இருந்தது.
இன்னொரு தகடு. அதே சாயம். அதே பத்து நிமிடம்.

ஒன்பது.

சிறு வயதில் முழங்கை மடிப்பு சிவந்து வெடிக்கும்.
அம்மா பன்றிக்கொழுப்பு தடவி
கம்பளிச் சட்டைக்குக் கீழே பருத்தித் துணி சுற்றுவாள்.
இரவுகளில் தலையணையை இரண்டாக மடித்து
உட்கார்ந்தே தூங்குவேன்.
அப்போது அதற்குப் பெயர் குளிர்காலம்.

ரைலி திரும்பி வந்தாள்.
இரண்டு தகடுகளையும் பார்த்தாள், என் விரலையும்.
ஒன்றும் கேட்கவில்லை.
முதல் தகட்டைத் தன் பக்கம் நகர்த்தி
முதலிலிருந்து எண்ணினாள்.
"பன்னிரண்டு" என்றாள்.
"நீ ஒன்றை விட்டுவிட்டாய்."

ஐந்து மணிக்கு மாடி ஏறினேன்.
இல்மா தூங்குகிறாள். கன்னத்தில் முகமூடியின் தழும்பு.
எஸ்கோ என் விரலைப் பிடித்து
என்ன பிளாஸ்டர் என்கிறான்.
சொல்லத்தான் போகிறேன்.
இரு, ஒரு நிமிடம்,
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்:
போர்வை ஏறி இறங்குகிறது,
முப்பத்தி நான்கு, முப்பத்தி ஐந்து