நாற்பத்தேழாம் டவர்

துவரிமான் கண்மாய்க்குத் தெற்கே
நாகமலை முதுகைத் தூக்கத் தொடங்கும் இடத்தில்
நிற்கிறது நாற்பத்தேழு.
அஞ்சு மணிவரை லைனில் உயிரில்லை என்று
கையெழுத்துப் போட்ட தாள்
கீழே ஒச்சப்பன் சட்டைப்பையில்.
மேலே நான்.
இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் வாளி,
வாளியில் வெள்ளி பெயிண்ட்,
வாயில் முந்தாநாள் சண்டையில்
வேலுத்தாயிடம் சொல்லாமல் விட்ட ஒரு வசவு.

நிழல்தான் முதலில் வந்தது.
என் முழங்கையில் ஏறி, வாளிக்குள் இறங்கி, போனது.
பிறகு இரும்பு அதிர்ந்தது.

எந்த அதிர்வு எதனால் என்று
பதினோரு வருடத்தில் பாதம் படித்திருக்கிறது:
காற்று, கயிறு,
கீழே எவனோ போல்ட்டைத் தட்டுவது.
இது அதில் எதுவும் இல்லை.

எனக்கு ஒரு கை கீழே, கிராஸ் ஆர்மின் நுனியில்.
மூன்று முழம்.
கூடினால் மூன்றரை.

வெள்ளை வயிறு, பழுப்புக் கழுத்து,
ஆந்தைக்கு வைக்கவேண்டிய தலையை
அவசரத்தில் மாற்றி வைத்தது போல ஒரு கழுகு.
அலகில் பாம்பு.
பாதி உள்ளே போயிருந்தது. மீதி
அவிழ்ந்த அரைஞாணாகத் தொங்கியது.
வால்நுனி மட்டும்
இன்னும் ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை.

பயந்தியா என்று கேட்கிறார்கள்.
பயம் வரவில்லை. கூச்சம் வந்தது.
ஒரு வீட்டில் இலை போட்டிருக்கும் நேரத்தில்
கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்டவனின் கூச்சம்.

அந்த மஞ்சள் கண் என்னைப் பார்த்தது
என்று சொல்லமாட்டேன்.
நான் இருந்த இடத்தைப் பார்த்தது.
என்னையும் ஒரு சட்டமாகக்
கணக்கில் சேர்த்துக்கொண்டு
மேற்கொண்டு விழுங்கத் தொடங்கியது.

தலையைத் தூக்கும். ஒரு மடக்கு.
கழுத்துக்குள் ஒரு முடிச்சு இறங்கும்.
நிற்கும்.
காற்று நெஞ்சு இறகைக் கலைத்துப் பார்க்கும்.
மறுபடி ஒரு மடக்கு.
மூச்சு விடுவது இரும்பில் கேட்டுவிடுமோ என்று
நான் அரை மூச்சாக விட்டேன்.

"என்னடா, செலையாட்டம்?"
ஒச்சப்பன் குரல் தரையிலிருந்து.
பதில் சொல்ல வாயில்லை.
பிரஷ் கையில் அப்படியே இருந்தது.
அதன் நுனியில் சேர்ந்து, கனத்து,
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழன்றது
ஒரு சொட்டு.
வாடைக்காற்று அதைக் கொஞ்சம் நகர்த்தி
இடது இறக்கையின் மேல் வைத்தது.

அது உதறவில்லை. திரும்பவில்லை.
வால்நுனி உள்ளே போனது.
பிறகு முன்னால் சாய்ந்து, விழுந்தது.
விழுந்தது என்றுதான் நினைத்தேன்.
ஈரப் போர்வையை ஒரே உதறாக உதறின சத்தம்.
அதற்குள் மலைக்கு மேல்,
அதற்குள் மலைக்கு அந்தப் பக்கம்.

"பருந்தா?"
"கழுகு."
"கொத்துச்சா?"
"இல்ல."
"அப்ப எறங்கு. டீ ஆறுது."

இரவு, இரண்டு நாளுக்குப் பிறகு
வேலுத்தாயிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.
கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.
கடைசியில் ஒன்றே ஒன்று:
"அந்தப் பெயிண்டு அதுக்கு ஆகுமா?"

எனக்குத் தோன்றாத கேள்வி.
என் கைக்கே மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும்.
அதற்கு எது?
இறகு உதிரும் மாதம் எது?
யாரைக் கேட்பது?

தேனி ரோட்டு பஸ்ஸில்
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
கண்டக்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.
செக்கானூரணிக்கு மேலே வட்டமிட்டது ஒன்று.
அதுவாக இருக்கலாம்.
ஆனால் சொட்டு விழுந்தது மேல் பக்கம்.
தரையில் நிற்கிறவனுக்கு
அது என்றைக்கும் அடிவயிற்றைத்தான் காட்டும்.

இன்று அறுபத்திரண்டாம் டவர்.
நாலு மணிவரை லைனில் உயிரில்லை.
பிரஷ்ஷை வாளி விளிம்பில் இரண்டு தரம் வழிக்கிறேன்,
மூன்றாம் தரமும்.
ஏறியதும் முதலில்
கீழே பார்க்கிறேன்.