வந்துடுச்சா

எடைமேடையில் லோரி ஏறும்போதெல்லாம்
கண்ணாடிக்கு வெளியே யாராவது கேட்கிறார்கள்:
"ஒன்பதாம் கட்டை லோரி வந்துடுச்சா?"
சொல்கிறேன். வந்தது, இத்தனை டன், இத்தனை மணிக்கு.
கைப்பேசியில் பாசிர் கூடாங்கிலிருந்து
அதே கேள்வி, லோரி இல்லாமல்:
வந்துடுச்சா?

இன்று நாற்பத்தோராவது நாள்.

செம்பனைக் கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளில்
சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்திருக்கிறேன்.
மேலாளர் பார்த்தால்
பேனா எழுதுகிறதா என்று பார்த்தேன் எனலாம்.
இருபத்தாறு. முப்பத்தொன்பது. முப்பத்தொன்று. நாற்பத்து நான்கு.
எந்த மாதமும் இன்னொரு மாதத்தின் பேச்சைக் கேட்டதில்லை,
பதினாலு வயதிலிருந்தே.
அப்போதெல்லாம் தாமதம் வெறும் தாமதம்.
தீபாவளி விடுமுறைக்குப் பிறகு
அதற்கு ஒரு முகம் வந்துவிட்டது,
திருவரசுவின் மூக்கோடு.

அம்மா எண்ணுவாள்.
வாயால் அல்ல, குளியலறைத் தட்டில்
குறையாமல் கிடக்கும் பொட்டலத்தைப் பார்த்து.
அதனால் முப்பத்திரண்டாம் நாளே
அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
கறையில்லாத நாப்கின்களைக் காகிதத்தில் சுற்றி
ஆலைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.
வெள்ளிக்கிழமை "நீ தள்ளியே இரு" என்று
அம்மாவே விளக்கேற்றினாள்.
தீட்டில்லாமல் தள்ளி நிற்பதுதான்
இன்னும் தீட்டாக இருந்தது.

பகாவ் பாமசியில் கல்லாவில் இருப்பவள் கோமளவல்லி.
ஐந்தாம் படிவத்தில் பக்கத்து மேசை.
அவளிடம் இருமல் மருந்து வாங்கினால்
தோட்டமே இருமும்.
எனவே குவாலா பிலாவுக்கு பஸ்.
பக்கத்தில் உட்கார்ந்த மக்சிக்கின் மடியில் பெலாச்சான் பொட்டலம்.
வாசனைக்கு வயிறு புரண்டது.
புரண்டதையும் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பெட்டிக்குள் மடித்த தாள்.
மலாயில் இருந்தது, சீனத்தில் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது.
தமிழில் நான்தான் இருந்தேன்.

பஸ் நிலையக் கழிப்பறை, ஐம்பது சென்.
ஒரு கோடு.
சாய்த்துப் பார்த்தேன். விளக்கருகே பிடித்தேன்.
இல்லாத இரண்டாவது கோட்டை
வெளியே யாரோ கதவு தட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அரசாங்க கிளினிக்கில்
தாதி நூர் ஐனி மலாயில் கேட்டாள்,
என்னைவிட இரண்டு வயது சின்னவள், பல்லில் கம்பி:
அவனோடு இருந்து எத்தனை நாள்?
நாலு வாரம் என்றேன், சுவர் நாள்காட்டியைப் பார்த்து.
அப்படியென்றால் அந்த ஒரு கோடு பொய் சொல்லாது.
நிம்மதி வேண்டுமானால் இன்னொரு தரம் பார்.
முட்டை பிந்தினால் உதிரமும் பிந்தும், அக்கா.
தூக்கம் கெட்டாலும். பயந்தாலும்.
ஆனால் வருஷக்கணக்கில் இப்படி என்றால்
தைராய்டா, நீர்க்கட்டியா, பார்த்துவிட வேண்டும்.

வரவில்லையே என்று பயந்தேன்.
பயந்ததால் இன்னும் வரவில்லையோ?
மழைக்காலத்தில் வெட்டுச் சுற்று பிந்துகிறது.
குலை மரத்திலேயே நிற்கிறது.
யாரும் மரத்தை ஒரு மாதிரி பார்ப்பதில்லை.

நாற்பத்தேழாம் நாள், வெள்ளி,
ஒன்பதாம் கட்டை லோரியை எடைபோடும்போது
வந்தது.
தெரிந்த வலி, தெரிந்த ஈரம்.
திருவரசுக்கு எழுதினேன்: வந்துடுச்சு.
கட்டைவிரல் தூக்கிய படம் ஒன்று அனுப்பினான்.
லோரி டிரைவர்களும் அதைத்தான் அனுப்புவார்கள்.

நிம்மதிதான்.
நிம்மதிதான் என்று இரண்டாவது முறையும் சொல்லிப் பார்த்தேன்.

வீட்டில் அம்மா கையெல்லாம் மாவு.
"போய் விளக்கேத்து, நேரமாச்சு."
என்ன சொல்ல?
அவள் கணக்கில் என் நாட்கள் என்றைக்கோ முடிந்துவிட்டன.
சாமி அறைக்குள் போனேன்.
முதல் உரசலிலேயே குச்சி பற்றிக்கொண்டது.
திரி வழக்கம்போல் எரிந்தது.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்,
இடுப்பு கடுக்க.

கடைசித் தாளில் ஒரு புள்ளி, பக்கத்தில் நாற்பத்தேழு.
திங்கள் காலை எட்டு மணிக்கு ரத்தப் பரிசோதனை.
வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.