முதன்மை உறுப்பினர்

வியாழக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு
கைப்பேசி ஒருமுறை அதிரும்.
மெடிக்கல் எய்டிலிருந்து செய்தி:
உளவியல் ஆலோசனை. சார்ந்திருப்பவர், எண் இரண்டு.
ஆயிரத்து நூற்று நாற்பது ராண்ட்
உங்கள் சேமிப்பிலிருந்து செலுத்தப்பட்டது.

எண் இரண்டு என் மகன் தேசிகன்.
முதன்மை உறுப்பினர் நான்.
செய்தி எனக்குத்தான் வருகிறதென்று
அவனுக்குத் தெரியாது.
அல்லது தெரியும்.

மார்ச்சில், ஹிகின்சன் நெடுஞ்சாலையிலிருந்து
சாட்ஸ்வர்த்துக்கு இறங்கும் வளைவில்
காரைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
ஃபோன், பர்ஸ், காலில் கிடந்த ஷூவும்.
வெறுங்காலோடு வந்தான், குளித்தான்,
ரொட்டியும் பீன்ஸ் கறியும் தின்றான்.
"ஒன்னும் ஆகல, மா. கார்தானே."
அதில் 'மா' மட்டும்தான் தமிழ்,
மற்றதெல்லாம் எங்கள் வீட்டு இங்கிலீஷ்.
அதன்பிறகு இரண்டிலும் ஒன்றுமில்லை.

பேச்செல்லாம் வியாழக்கிழமைக்குப் போகிறது.
ஐம்பது நிமிடம்.
மாநகராட்சி மின்கட்டணக் கவுண்டரில்
இருபத்தாறு வருடம் இருந்த மூளை
கேட்காமலே வகுத்துவிட்டது:
நிமிடத்துக்கு இருபத்திரண்டு ராண்ட் எண்பது சென்ட்.
அழுதால் அதே விலை.
சும்மா சுவரைப் பார்த்திருந்தாலும்.

மாதக் கடைசியில் கணக்கு விவரம் வரும்,
அவன் பெயருக்கு நேரே ஒரு குறியீட்டு எண்ணோடு.
தேடினால் கிடைக்கும்.
'எஃப்' வரை தட்டினேன்.
அழித்துவிட்டு
வானிலை பார்த்தேன். டர்பனில் காற்று.

என் கடைவாய்ப் பல்லுக்கு கிரவுன் வைக்கவும்
அதே சேமிப்புதான்.
தீபாவளிக்குப் பிறகு வருகிறேன் என்று
பல் டாக்டரிடம் சொல்லிவிட்டு
இடப்பக்கமே மெல்லப் பழகினேன்.

ஆகஸ்டில் செய்தி மாறியது.
செலுத்தப்படவில்லை. சேமிப்பு தீர்ந்தது.
தொகைக்கு உறுப்பினரே பொறுப்பு.

அடுத்த வியாழன் அவன் போகவில்லை.
ஐந்து பத்துக்கு, வாடகைக்கு எடுத்த காருக்குள்
எங்கள் கேட்டுக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தான்,
விளக்கை அணைத்துவிட்டு.
கொட்டகைத் தகரத்தில் குரங்கு ஒன்று குதித்தது.
இரண்டு கையும் தலைக்கு மேல் போயின.
ஜன்னல் திரையை நான் மெதுவாக விட்டேன்.

மறுநாள் நாற்பது நிமிடம் இசை கேட்டேன்.
பிறகு ஒரு குரல், நொம்புலெலோ என்றது.
"அவர் பதினெட்டைத் தாண்டியவர், மிஸஸ் படையாச்சி.
காரணத்தைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
பாக்கித் தொகையைச் சொல்லலாம்."
காரணம் வேண்டாம்மா, வழி இருந்தால் சொல், என்றேன்.
கீபோர்டு சத்தம் நின்றது.
குரலைத் தாழ்த்தினாள்:
ஒரு படிவம் இருக்கிறது.
ஆலோசகர் நிரப்பி அனுப்பி, அங்கீகாரம் கிடைத்தால்
வருடத்துக்குப் பதினைந்து அமர்வு
சேமிப்பைத் தொடாது.
"ஏன் யாரும் சொல்லவில்லை?"
"யாரும் கேட்பதில்லை, மேடம்."
கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து
நானும் எத்தனை பேரிடம்
இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

மின்துண்டிப்பு நோட்டீஸ்கள் வரும் அதே பிரிண்டரில்
படிவத்தை எடுத்தேன், இன்னும் சூடாக இருந்தது.
அவன் சாவிக்கு அடியில் வைத்தேன்.
சொல்லவில்லை.
வெள்ளி, சனி, ஞாயிறு,
சாவி போய்வந்தது, காகிதம் கிடந்தது.
திங்கள் காலை இல்லை.

பத்து நாள் கழித்து
கெட்டிலில் சாய்த்து வைத்திருந்தான்.
மேல்பாதியை உள்ளே மடித்து
மூன்று இடத்தில் ஸ்டேப்ளர் அடித்து.
வெளியே தெரிந்தது ஒரே வரி:
முதன்மை உறுப்பினர் கையொப்பம்.
பக்கத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி,
எங்கே போட வேண்டுமென்று
நான் கவுண்டரில் பிறருக்குப் போட்டுத் தருவதுபோல்.

விளக்குக்கு நேரே தூக்கினால்
உள்ளே இருப்பது தெரியும், மலிவுக் காகிதம்.

மேசையில் படுக்கப்போட்டே எழுதினேன்.
மையை ஊதினேன்.
சாவிக்கு அடியில் வைத்தேன்.