நிலுவை

எட்டு மணி பஸ்ஸில் என் ரத்தம் ரங்கூன் போகிறது.
நான் போகவில்லை.
டிரைவர் காலடியில்
மீன் ஏற்றி வந்த தெர்மாகோல் பெட்டி,
பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் மஞ்சள் மூடிக் குழாய்,
குழாயின் மேல் என் இரண்டு பெயர்களில்
அரசாங்கத்துக்குத் தெரிந்த பெயர்:
டோ கின் சான் மியின், வயது ஐம்பத்து மூன்று.
சௌந்தரவல்லி மோல்மேனிலேயே இருக்கிறாள்,
முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு.

பெருங்குடலில் ஒன்பது அங்குலம் வெட்டி எடுத்தது
போன வருடம், தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம்.
வெட்டும் முன் முப்பத்தெட்டு.
வெட்டிய பின் இரண்டு புள்ளி நான்கு.
அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை:
மூன்று புள்ளி ஒன்று,
நான்கு புள்ளி நான்கு.
ஐந்துக்குள் இருந்தால் சரி
என்கிறது தாளின் ஓரம், பொடி எழுத்தில்.

இருபத்தாறு வருடம்
ரப்பர் கிட்டங்கியில் பேரேடு எழுதியவள் நான்.
ஒற்றைத் தொகை எதையும் சொல்லாது.
மூன்று தொகை ஒரே பக்கமாகச் சாய்ந்தால்
பெட்டியில் யாரோ கை வைக்கிறார்கள்.

டாக்டர் நில்லார் வேறு மாதிரி சொன்னார்.
புகை பிடித்தால் ஏறும்,
ஈரல் வீங்கினால் ஏறும், சும்மாவும் ஏறும்.
"இந்த எண் நாய் மாதிரி, அக்கா. குரைக்கும்.
வந்தது திருடனா பூனையா என்று
ஸ்கேன்தான் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும்."
வெளியே மருந்து வரிசையில் நின்ற தணிகாசலத்திடம்
இதைச் சொல்லும்போது
திருடனை விட்டுவிட்டேன்.
பூனையை மட்டும் சொன்னேன்.

பத்தரைக்குக் கரண்டு போனது.
இருட்டில் படுத்தபடி பின்தொடர்ந்தேன்:
சல்வீன் பாலம் தாண்டியிருக்கும்,
தட்டோனில் டீக்கு நிறுத்தியிருப்பார்கள்,
சித்தாங் பாலத்தில் டார்ச் அடித்து
பெட்டியைத் திறக்கச் சொல்வான் ஒரு சின்னப் பையன்,
சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக.
என்ன இது?
ரத்தம்.
யாருடையது?
டிரைவர் என்ன சொல்லியிருப்பான்?

நாலாம் நாள் லேப் பையன் மின் தூ கூப்பிட்டான்.
பாலத்தில் ஆறு மணி நேரம் நிறுத்திவிட்டார்களாம்.
ஐஸ் உருகி, ரத்தம் உடைந்து,
ரங்கூன்காரர்கள் திருப்பிவிட்டார்கள்.
"எண் இல்லை, அக்கா."

எண் இல்லை.
போனை வைத்துவிட்டு அரைப்படி அரிசி கூடுதலாகப் போட்டேன்.
ஆகாதென்று சொன்ன மூங்கில் குருத்தை
நாலு துண்டு தின்றேன்.
பட்டப்பகலில் வாய் திறந்து தூங்கினேன்.
எனக்கு ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லவில்லை;
இருக்கிறது என்றும் சொல்லவில்லை.
ஒரு வருடத்தில் இப்படி ஒரு மத்தியானம் வாய்த்ததில்லை.

சாயங்காலம் நோட்டை எடுத்தேன்.
தேதி எழுதினேன். அடுத்த கட்டம் காலி.
கணக்கில் காலி விடக்கூடாது,
பின்னால் எவனாவது நிரப்பிவிடுவான்.
அதனால் ஒரு கோடு இழுத்தேன்,
அளவுகோல் வைத்து,
கட்டத்தின் இந்த முனை முதல் அந்த முனை வரை.

நாளை இடது கை.
வலதில் நரம்பெல்லாம் கீமோவுக்குப் பயந்து உள்ளே போய்விட்டன.
காலை வண்டியில் அனுப்பலாம் என்கிறான் மின் தூ,
பகலில் சோதனை குறைவாம்.

இரவு தணிகாசலம் வாசல் கதவைத் தாழிட்டார்.
விளக்கணைத்துப் படுத்தவர்
மறுபடி எழுந்துபோய்
தாழை இழுத்துப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை.

பூனைக்கு யாரும்
இவ்வளவு தாழ் போடுவதில்லை.