சுருக்

செவ்வாய்க்கிழமை பிரித்த பெட்டியில்
முதல் பாட்டிலே சப்பென்றிருந்தது.
கோலியை அமுக்கினேன், வெடித்தது.
நுரை மணிக்கட்டு வரை வழிந்தது.
கண்ணாடியோரம் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக
அவசரமாய் மேலே ஏறின.
எல்லாம் சரிதான்,
நாக்கில் மட்டும் ஒன்றுமில்லை.

இரண்டாவது. மூன்றாவது.
பன்னீர் சோடாவில் பன்னீர் இருந்தது.

உப்புக்கல் ஒன்று போட்டுப் பார்த்தேன்.
கரைவதற்குள் அதன் முனைகளில் வாயு குடியேறிப்
பொங்கிச் சீறியது.
பத்தொன்பது வருடம் கிளாஸ் கழுவிய கைக்குத் தெரியும்:
குமிழி வெறும் நீரில் பிறக்காது,
ஒரு கீறல் வேண்டும் அதற்கு,
ஒரு தூசி, துடைக்காமல் விட்ட ஒரு நூல்.
பழைய கிளாசில்தான் நுரை அதிகம்.
அத்தனை நுரையிலும்
ஒரு கடி இல்லை.

வத்தலக்குண்டிலிருந்து சரக்கு ஏற்றி வரும்
ஒச்சப்பனைப் பிடித்துக் கத்தினேன்.
"கேஸைக் குறைச்சிட்டாரா ஒங்க மொதலாளி?"
"கொறைக்கிறதுதாங்க்கா, எப்பவும்" என்றார்.
மலைக்கு வரும் பெட்டிக்கு ஒரு புள்ளி கம்மி.
உள்ளிருந்து வாயு கோலியை நெட்டும்,
வெளியிலிருந்து காற்று தடுக்கும்.
டம்டம் பாறை தாண்டியதும்
தடுக்கிற கை தளரத் தொடங்கும்.
வண்டியில் சிப்ஸ் பொட்டலங்கள்
கர்ப்பிணிகளைப் போல் உப்பி உட்கார்ந்திருக்கும்.
கீழே அடைக்கிற அளவிலேயே அடைத்தால்
மூஞ்சிக்கல்லில் திறக்கும்போது
பாதி சோடா மேசைக்கு.

நான் நம்பவில்லை.
ஒரு பெட்டிக் காசைப் பிடித்துக்கொண்டேன்.
அவர் ஒரு பாட்டிலை உடைத்துக் குடித்தார்.
கண்ணில் நீர் முட்ட ஏப்பம் விட்டு,
காலிப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டார்.

அன்று முழுக்கக் குடிப்பவர் முகங்களையே பார்த்தேன்.
பூம்பாறைப் பூண்டு வியாபாரி தலையைச் சிலுப்பினார்.
பஸ் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.
ஒரு சின்னப் பெண் "குத்துது" என்று
கிளாசை அப்பாவிடம் நீட்டினாள்.
எனக்கு மட்டும்தான் குத்தவில்லை.

மதுரையில் கண் டாக்டர்
விரலெல்லாம் மரத்துப்போகிறதா என்று கேட்டார்.
ஆமாம் டாக்டர்,
சோடாவும் சப்பென்றிருக்கிறது என்றேன்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
"சோடாக் கடையா வச்சிருக்கீங்க?"

சுருக்கென்பது குமிழியின் வேலை இல்லையாம்.
குமிழி வெறும் சத்தம்.
வாயு நாக்கின் ஈரத்தில் கலந்து
அமிலமாக மாறும்போதுதான் குத்துகிறது.
மாற்றிக் கொடுக்க அங்கே ஒரு நொதி.
என் கண்ணுக்குள் நீர் ஊறுவதும்
அதே நொதியின் கைவேலைதான்.
கண்ணில் அழுத்தம் குறையட்டும் என்று தந்த மாத்திரை
அதன் கையைக் கட்டிப்போட்டது.
நாக்கிலும் சேர்த்துக் கட்டியிருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் காது அடைத்தது,
எச்சில் விழுங்கினேன், திறந்தது.
ஆப்பரேஷன் வரை மாத்திரையை விடக்கூடாது.

ஒச்சப்பனிடம் பிடித்த காசைக் கொடுத்தேன்.
"என்னாச்சுக்கா?"
"கண்ணுக்கு மாத்திரை" என்றேன்.
அவர் என் கண்ணைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல் காசை எண்ணிக்கொண்டார்.

இன்னும் பதினோரு நாள்.
பின் அலமாரியில் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.
கழுத்து ரப்பரில் முட்டிக்கொண்டு
நிற்கிறது கோலி.